ராஜா இடிக்காமல் விட்டது

போர்ச்சுகல் போய் வந்தவர்களின் கைப்பேசியில் படங்களைத் தள்ளிக்கொண்டே போனால் ஓர் அரண்மனை கட்டாயம் வரும். மலை உச்சியில், ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் மஞ்சள், இடையிடையே கும்மட்டங்களும் கோபுரங்களும். லிஸ்பனுக்கு வடமேற்கே சிந்த்ரா மலைமேல் இருக்கும் பெனா அரண்மனை அது. படத்துக்குக் கீழே பெரும்பாலும் "டிஸ்னி படத்தில் வருவது போல" என்று ஒரு வரி இருக்கும். அந்த வரியோடுதான் எனக்குச் சண்டை. அந்தச் சிவப்புப் பகுதி அரண்மனையாகப் பிறந்ததல்ல. முந்நூறு வருஷத்துக்கு மேல் துறவிகள் வாழ்ந்த மடம் அது. நிலநடுக்கத்தில் உடைந்து, அரசாங்கம் பறித்துக்கொண்டு, கடைசியில் ஏலத்தில் போன மடம். ஏலத்தில் எடுத்தவர் ஒரு ராஜா. அவர் அங்கே கட்டியதைப் பற்றி உலகமே பேசுகிறது. இடிக்காமல் விட்டதைப் பற்றிப் பேச ஆளில்லை. என்னைக் கேட்டால், அவர் செய்த பெரிய காரியம் அந்த இரண்டாவதுதான்.

நான் தூத்துக்குடிக்காரன். அரசுக் கட்டடங்களைப் பராமரிக்கும் வேலையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். வெள்ளைக்காரன் காலத்துத் தாலுகா அலுவலகம், சப் ஜெயில், பயணியர் மாளிகை என்று, மெட்ராஸ் டெரஸ் கூரை ஒழுகும் கட்டடங்களோடுதான் என் வேலைக்காலம் முழுதும் போனது. அதனால் எங்கே நுழைந்தாலும் என் கண் முதலில் கூரைக்குப் போகும், அப்புறம் சுவர் மூலைக்கு வந்து ஓதம் ஏறியிருக்கிறதா என்று தேடும். மகள் லிஸ்பனில் வேலையில் இருக்கிறாள். அவளிடம் போயிருந்தபோது என்னையும் என் மனைவியையும் பெனாவுக்கு அழைத்துப் போனாள். வாசலிலேயே நான் அண்ணாந்து பார்ப்பதைக் கவனித்துவிட்டு, "அப்பா, இங்கயும் ஒழுகுதான்னு பாக்கப் போறீங்களா?" என்றாள். ஆமாம், அதைத்தான் பார்த்தேன்.

முதலில் மடத்தின் கதை. அந்த உச்சியில் இடைக்காலத்திலேயே மாதாவுக்கு ஒரு சிறு கோயில் இருந்தது. 1493-இல் இரண்டாம் ஜான் மன்னரும் ராணி லியோனாரும் நேர்த்திக்கடன் செலுத்த மலையேறி வந்திருக்கிறார்கள். அவருக்குப் பின் பட்டத்துக்கு வந்த மானுவேல் மன்னருக்கு அந்த இடம் மிகவும் பிடித்துப்போய், புனித ஜெரோம் சபைத் துறவிகளுக்கு அங்கே ஒரு மடம் கட்டச் சொன்னார். முதலில் மரத்தில் எழுப்பினார்கள். 1511 வாக்கில் கல்லுக்கு மாறினார்கள். பெரிய மடம் ஒன்றுமில்லை. அதிகம் போனால் 18 துறவிகள் தங்கலாம். மானுவேல் யாரென்று நம் பக்கத்து ஆட்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அவர் அனுப்பிய கப்பல்தான் 1498-இல் கோழிக்கோட்டுக்கு வந்து சேர்ந்தது. வாஸ்கோ ட காமா திரும்பி வருகிறாரா என்று மானுவேல் இந்த மலைமேல் நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று சிந்த்ராவில் சொல்வார்கள். அது கதை. ஆனால் இதே சபைக்காக இதே மன்னர் லிஸ்பனின் பெலெம் பகுதியில் எழுப்பிய ஜெரோனிமோஸ் மடத்துக்கு, ஆப்பிரிக்காவோடும் கிழக்கு நாடுகளோடும் நடந்த வணிகத்தின்மேல் போட்ட ஐந்து சதவீத வரிதான் பணம் கொடுத்தது என்பது கதை அல்ல, கணக்கு.

பெலெம் மடம் பணத்தைக் காட்டும். பெனா மடம் அப்படி இல்லை. பனி மூடும் பாறை உச்சியில், இடி விழும் இடத்தில், ஏறி வரவே யோசிக்கும் தூரத்தில் இருந்தது. 1755 நவம்பர் 1-ஆம் தேதி லிஸ்பனைத் தரைமட்டமாக்கிய நிலநடுக்கத்தில் இந்த மடமும் பெரும்பாலும் இடிந்தது. சிற்றாலயம் மட்டும் அசையாமல் நின்றது. மிச்சமிருந்த சில துறவிகள் அந்த இடிபாட்டோடேயே காலத்தை ஓட்டினார்கள்.

அவர்களையும் 1834 அனுப்பிவைத்தது. போர்ச்சுகலில் அண்ணன் தம்பிச் சண்டையாகத் தொடங்கிய உள்நாட்டுப் போரில் தாராளவாதிகள் ஜெயித்த வருஷம் அது. ஜோவாகிம் அந்தோனியோ டி அகியார் என்ற அமைச்சர், ஆண் துறவியர் மடங்களை எல்லாம் ஒரே ஆணையில் கலைத்துச் சொத்துகளை அரசுடைமை ஆக்கினார். 'துறவிகளைக் கொன்றவர்' என்று மக்கள் அவருக்குப் பட்டப்பெயர் வைத்தார்கள். அவர் யாரையும் கொல்லவில்லை, வீட்டைக் காலி செய்ய வைத்தார், அவ்வளவுதான். போர் நடத்திய அரசுக்குக் கடன் கழுத்துவரை இருந்தது. மடங்கள் ஏலத்துக்கு வந்தன, இல்லையென்றால் அலுவலகங்களாகவும் படைக் கொட்டடிகளாகவும் மாறின. இன்றைய போர்ச்சுகல் நாடாளுமன்றம் கூடுவதே லிஸ்பனின் பழைய பெனடிக்ட் சபை மடத்தில்தான்.

1838-இல் பெனாவை ஏலத்தில் எடுத்தவர் இரண்டாம் ஃபெர்டினாண்ட். ஜெர்மானிய சாக்ஸ்-கோபர்க் குடும்பத்துப் பிள்ளை. இங்கிலாந்தின் விக்டோரியா ராணியுடைய கணவர் ஆல்பர்ட்டுக்குச் சித்தப்பா மகன். போர்ச்சுகலின் இரண்டாம் மரியா ராணியை மணந்து 1836-இல் அந்த நாட்டுக்கு வந்தவர். இடிந்த மடத்தைச் சொந்தப் பணத்தில் வாங்கும்போது அவருக்கு வயது 22.

கையில் பணம் உள்ள, ராஜா பட்டம் உள்ள, கலைப்பித்துப் பிடித்த 22 வயதுப் பையனிடம் ஓர் இடிந்த கட்டடம் கிடைத்தால் என்ன ஆகும்? அத்தனையையும் தள்ளிவிட்டு, பாறையைச் சமன் செய்து, மனதில் இருப்பதைக் கட்டியிருக்கலாம். மறுக்கத் துறவிகள் இல்லை. கேள்வி கேட்க ஆளில்லை. அவரோ முதலில் பழுதுபார்க்கத்தான் ஆரம்பித்தார். மடத்தைச் சீர்செய்து கோடைக்கு வந்து தங்கினால் போதும் என்பதே முதல் யோசனை. ஆசை பின்னால்தான் வளர்ந்தது. 1840-களில், பழைய மடத்தை அப்படியே வைத்துக்கொண்டு, அதன் பக்கத்தில் புதிய மாளிகையை ஒட்டிக் கட்டினார்.

வேலையைக் கவனித்தவர் பரோன் வில்ஹெல்ம் லுட்விக் ஃபோன் எஷ்வேகே. இவர் கட்டடக் கலைஞர் அல்ல, சுரங்கப் பொறியாளர். பிரேசிலில் கனிமங்களோடு பல வருஷம் காலம் கழித்தவர். இதைப் படித்ததும் எனக்கு அவர்மேல் ஒரு தொழில்பாசம் வந்துவிட்டது. பாறைமேல் கட்டும் வேலையைப் பாறை தெரிந்தவரிடம் கொடுத்திருக்கிறார் ராஜா. பெனாவின் கீழ்ச் சுவர்களைப் பாருங்கள்: எங்கே கருங்கல் பாறை முடிகிறது, எங்கே கொத்தனார் வேலை தொடங்குகிறது என்று சட்டென்று பிரிக்க முடியாது. பாறையை வெட்டி வழிக்குக் கொண்டுவராமல், பாறையின் வளைவுக்குச் சுவரை வளைத்திருக்கிறார்கள். கட்டடத்துக்கு இதைவிட நல்ல அஸ்திவாரம் கிடையாது.

வேலை 1854 வரை நீண்டது. பவேரியாவில் லுட்விக் மன்னர் நொய்ஷ்வான்ஷ்டைன் கோட்டைக்கு அடிக்கல் போட்டது 1869-இல். டிஸ்னியின் கோட்டைக்கு அந்தப் பவேரியக் கோட்டை முன்மாதிரி என்பார்கள். அப்படிப் பார்த்தால், யாரைப் பார்த்து யார் என்ற கேள்விக்கு வருஷக் கணக்கே பதில் சொல்லிவிடும்.

லிஸ்பனின் ரோசியோ நிலையத்தில் ரயிலேறினால் முக்கால் மணி நேரத்துக்குள் சிந்த்ரா வந்துவிடும். அங்கிருந்து 434 என்ற பேருந்து குறுகலான மலைப்பாதையில் வளைந்து வளைந்து மேலே போகும். லிஸ்பனில் நல்ல வெயில். மேலே போனால் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாத மூடுபனி. அட்லாண்டிக்கிலிருந்து வரும் ஈரக்காற்று இந்த மலையில் முட்டித்தான் பனியாகிறது. மரம், கல், படிக்கட்டு எல்லாவற்றிலும் பாசி. மற்றவர்கள் அதைப் பார்த்து ஆகா என்கிறார்கள். பராமரிப்பு வேலை பார்த்தவனுக்கு ஈரம்தான் எதிரி. இந்த மலையில் போய் இத்தனை கும்மட்டம், இத்தனை மேல்தளம், பல் பல்லாக இத்தனை கைப்பிடிச் சுவர்! ஒவ்வொரு இணைப்பும் தண்ணீர் இறங்க ஒரு வழி. இதற்கு எஸ்டிமேட் போடச் சொல்லியிருந்தால் நான் மருத்துவ விடுப்பில் போயிருப்பேன்.

புதிய பகுதியில் பாவனை நிறைய இருக்கிறது, அதையும் சொல்லியாக வேண்டும். வாசலில் இழுவைப் பாலம் உண்டு. அதைத் தூக்க முடியாது. எந்தப் படையும் தாக்க வராத இடத்தில் காவல் மேடைகள். மினார் போல ஒன்று, கோதிக் வளைவு ஒன்று, பின்புறம் தோமார் நகரத்துக் கிறிஸ்து மடத்தின் புகழ்பெற்ற ஜன்னலைப் பார்த்துச் செய்த ஜன்னல் ஒன்று. ஒரு வளைவுக்கு மேலே ட்ரைட்டன் உட்கார்ந்திருக்கிறான். பாதி மனிதன், பாதி மீன். சிப்பியின்மேல் கால்களை, அதாவது வால்களை, பரப்பிக்கொண்டு கண்ணை உருட்டுகிறான். என் மனைவி கொஞ்ச நேரம் அவனையே பார்த்துவிட்டு, "ஏங்க, நம்ம ஊர் எல்லைச்சாமி மாதிரில்லா முழிக்கான்" என்றாள். இந்தக் கலவையை ரசிப்பவர்கள் ரசிக்கட்டும். எனக்கு அதில் பாதி, பணம் இருக்கும் வீட்டுக் கல்யாணப் பந்தலாகத்தான் தெரிந்தது.

நான் தேடிப்போனது மடத்தின் நடுமுற்றம். டிக்கெட்டில் அச்சடித்த நேரத்துக்கு வரிசையில் நின்று உள்ளே போனால் சற்று நேரத்தில் அது வந்துவிடும். கவனிக்காவிட்டால் அதே வேகத்தில் போயும்விடும். இரண்டடுக்கு, நாலு பக்கமும் வளைவுகளோடு சுற்று நடை, நடுவில் திறந்த வானம். வெளியே பார்த்த ஆர்ப்பாட்டத்துக்குப் பிறகு அதன் சின்ன அளவு ஆச்சரியப்படுத்தும். 18 பேர் ஜெபம் சொல்லிக்கொண்டு சுற்றி நடக்க எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுதான் இடம். யாரையும் அசத்துவதற்காகக் கட்டியதல்ல.

சுவர் முழுக்க டைல். 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தது, ஸ்பெயினில் மூர்களின் கைமுறை வழிவந்த வேலை. பச்சை, நீலம், தேன் நிறம், வெள்ளை. இந்த வகை டைலில் ஒரு நுட்பம் இருக்கிறது. ஈரமான களிமண்ணில் அச்சை அழுத்தும்போது கோலத்தின் கோடுகள் மெல்லிய வரப்புகளாக எழும்பி நிற்கும். ஒவ்வொரு பாத்திக்குள்ளும் ஒரு நிறத்தை ஊற்றுவார்கள். சூளையில் உருகும்போது வரப்பு தடுத்துவிடுவதால் ஒரு நிறம் இன்னொன்றில் கலக்காது. பக்கவாட்டில் நின்று பார்த்தால் அந்த வரப்புகள் வெளிச்சத்தில் தெரியும். அங்கங்கே முனை சிதைந்திருக்கிறது. ஆனாலும் ஒரு நிலநடுக்கம், எண்பது வருஷ இடிபாடு, ஓயாத மலை ஈரம் எல்லாவற்றையும் தாண்டிச் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சுண்ணாம்புக் காரையின் குணம் அது. சுவர் மூச்சுவிடும், ஈரத்தை வாங்கும், வெளியேயும் விடும். சிமென்ட் பூசியிருந்தால் என்றோ தட்டுத் தட்டாக விழுந்திருக்கும்.

முற்றத்தின் நடுவில் மட்டும் ஃபெர்டினாண்டின் ரசனை எட்டிப் பார்க்கிறது. பெரிய கல் சிப்பி ஒன்றைத் தொட்டியாக்கி அதில் பெரணி மரம் வைத்திருக்கிறார்கள். போகட்டும். நினைத்திருந்தால் அந்த முற்றத்துக்கு மேலே கண்ணாடிக் கூரை போட்டு நடனக்கூடமாக்கியிருக்கலாம். டைல்களைப் பெயர்த்துப் புதிய மாளிகையின் வரவேற்பறையில் பதித்திருக்கலாம். 19-ஆம் நூற்றாண்டுப் பணக்காரர்கள் பலர் அப்படித்தான் செய்தார்கள். அவர் வளைவுகளை எண்ணி எண்ணிப் பழுதுபார்த்துவிட்டு ஒரு தொட்டியோடு நிறுத்திக்கொண்டார்.

சிற்றாலயத்தில் பீடத்துக்குப் பின்னால் பால்நிற அலபாஸ்டர் கல்லிலும் கருநிறச் சலவைக்கல்லிலும் ஒரு சிற்பத் தொகுதி நிற்கிறது. பிரான்சிலிருந்து வந்த நிக்கோலாவ் சான்டரேன் 1529-க்கும் 1532-க்கும் இடையில் செதுக்கியது. 1755-இல் ஊரே விழுந்தபோது விழாமல் நின்றது இதுதான். பக்கத்துச் சுவரின் வண்ணக் கண்ணாடியோ ஃபெர்டினாண்ட் ஜெர்மனியின் நூரம்பெர்க் நகரில் செய்வித்து வரவழைத்தது. அதில் மானுவேல் மன்னரும் வாஸ்கோ ட காமாவும் இருக்கிறார்கள். பனிமய மாதா கோயில் மணியைக் கேட்டு வளர்ந்த முத்துக்குளித்துறைக்காரனால் காமாவின் முகத்தைச் சும்மா கடந்துபோக முடியாது. அந்தக் கப்பல்களுக்குப் பின்னால் வந்தவர்களோடு எங்கள் கடற்கரையின் கதை பின்னிக்கிடக்கிறது. 1530-களில் பரதவர் ஞானஸ்நானம் பெற்றதும் அதில்தான் வருகிறது. அதற்காக அவருக்குக் கும்பிடு போடத் தோன்றவில்லை. மெக்காவிலிருந்து திரும்பிய பயணிகளின் கப்பலை 1502-இல் மலபார்க் கடலில் எரித்த மனிதர் அவர். துறவிகள் பார்த்து ஜெபித்த கல் ஒரு பக்கம், துறவிகள் போன பிறகு வந்த வீரப்புகழ் மறுபக்கம். எது எந்தக் காலத்தது என்று அந்த ஆலயத்தில் பிரித்துப் பார்க்க முடிகிறது. என் மனைவி கண்ணாடியைப் பார்க்கவே இல்லை, மாதாவைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டாள்.

மற்ற அறைகளைச் சுருக்கமாகச் சொல்லலாம். துறவிகளின் உணவுக்கூடம் ராஜ குடும்பத்தின் சாப்பாட்டு அறையானது. பழைய வளைவுக் கூரை அப்படியே இருக்கிறது. மேல்தளத்துத் துறவியர் அறைகளைப் பெரிதாக்கிப் படுக்கையறைகளாக மாற்றினார்கள். ஃபெர்டினாண்டின் பேரன் கார்லோஸ் மன்னர் ஓவியம் வரைவார். முடிக்காத ஓவியங்கள் அவர் அறையில் இருக்கின்றன. 1908-இல் லிஸ்பன் தெருவில் அவரையும் மூத்த மகனையும் சுட்டுக் கொன்றார்கள். 1910 அக்டோபரில் குடியரசுப் புரட்சி வந்தபோது கார்லோஸின் மனைவி ராணி அமேலி இங்கேதான் இருந்தார்; பிறகு நாட்டைவிட்டுப் போனார். சமையலறையில் செப்புப் பாத்திரங்கள் வரிசையாக மின்னுகின்றன. என் மனைவிக்கு அரண்மனையிலேயே பிடித்த இடம் அது.

இனி நிறம். நான் சொல்ல வந்ததே இதுதான். பழைய மடம் முழுதும் சிவப்பு, புதிய மாளிகை மஞ்சள். மலையடிவாரத்தில் நின்று பார்க்கும் சிறுபிள்ளைகூட எது முன்னால் வந்தது, எது பின்னால் ஒட்டியது என்று சொல்லிவிடும். 1964-இல் வெனிஸ் நகரில் கூடிய நிபுணர்கள் பழைய கட்டடங்களைப் பராமரிக்க ஒரு சாசனம் எழுதினார்கள். பழசோடு புதிதாகச் சேர்ப்பது எதுவானாலும் அது புதிது என்று தெரியவேண்டும், பழசு போல நடிக்கக் கூடாது என்பது அதில் ஒரு முக்கிய விதி. அதற்கு நூறு வருஷத்துக்கு முன்பே பெனாவில் அந்தக் கோடு போட்டாகிவிட்டது. ஃபெர்டினாண்ட் தத்துவம் யோசித்துத்தான் வண்ணம் அடித்தார் என்று நான் சொல்லவில்லை. ஜன்னலில் நடித்தவர், பாலத்தில் நடித்தவர், மடத்துக்கும் மாளிகைக்கும் இடையில் மட்டும் நடிக்கவில்லை என்கிறேன்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. வண்ணம் காலப்போக்கில் மங்கி, 20-ஆம் நூற்றாண்டில் நெடுங்காலம் அரண்மனை முழுவதும் ஒரே சாம்பல் நிறமாக நின்றது. அதுதான் அதன் இயல்பான நிறம் என்று ஜனங்கள் நம்பிவிட்டார்கள். அந்த நூற்றாண்டின் கடைசியில் பழைய நிறங்களைத் திரும்பப் பூசியபோது பலருக்கு அது அதிர்ச்சியாகவே இருந்தது. பழசு என்றால் நிறமில்லாமல் இருக்க வேண்டும் என்ற நினைப்பு எல்லா ஊரிலும் உண்டு போலும். சாம்பல் நிறத்தில் அது கம்பீரமாக இருந்திருக்கலாம். ஆனால் மடம் எது, மாளிகை எது என்று அப்போது யாருக்கும் தெரிந்திருக்காது.

நான் வேலை பார்த்த காலத்தில் பழைய அரசுக் கட்டடம் என்றால் பெரும்பாலும் இரண்டே முடிவுதான். ஒன்று, இனி உதவாது என்று 'கண்டம்' பண்ணி இடிப்பது. இல்லையென்றால் பக்கத்தில் கான்கிரீட்டில் இரண்டு அறையை ஒட்டி, பழசுக்கும் புதுசுக்கும் சேர்த்து ஒரே கிரீம் நிறம், ஒரே சிவப்பு பார்டர். 1880-இல் கட்டிய சுவரும் 1980-இல் கட்டிய சுவரும் வேறு என்று அங்கே உட்கார்ந்து வேலை பார்ப்பவருக்கே தெரியாது. தெரியாததால் சுண்ணாம்புச் சுவரில் சிமென்ட் பூசுவார்கள், ஈரம் உள்ளேயே தங்கும், பத்து வருஷத்தில் சுவர் உப்பும், பிறகு கண்டம். வண்ணம் வெறும் அழகுக்கு அல்ல. அடுத்து வரும் பொறியாளருக்கு விட்டுப்போகும் குறிப்பும்கூட.

பெனாவின் சொத்துக் கதையும் கவனிக்க வேண்டியது. மரியா ராணி இறந்த பிறகு ஃபெர்டினாண்ட் எலிஸ் ஹென்ஸ்லர் என்ற ஓபரா பாடகியை 1869-இல் மணந்தார். எட்லா கோமாட்டி என்று அந்த அம்மாளுக்குப் பட்டம். அரண்மனையைச் சுற்றியுள்ள பூங்காவில் இருவரும் சேர்ந்து ஆர்வமாக மரம் வைத்தார்கள். 1885-இல் ஃபெர்டினாண்ட் இறந்து உயிலைப் பிரித்தால், பெனாவும் பக்கத்து மலையில் உள்ள மூர்களின் பழைய கோட்டையும் இரண்டாம் மனைவிக்கு. நாடே கொந்தளித்தது. பாடகி கையில் தேசியச் சின்னமா என்று கேட்டார்கள். கடைசியில் 1889-இல் அரசு விலை கொடுத்து வாங்கியது. கோமாட்டிக்குப் பூங்காவில் இருந்த சிறு மாளிகையும் தோட்டமும் அனுபவிக்கக் கிடைத்தன. கணக்கைப் பாருங்கள்: 1834-இல் காசு கொடுக்காமல் எடுத்துக்கொண்ட மடத்தை 1838-இல் விற்று, 1889-இல் காசு கொடுத்துத் திரும்ப வாங்கியிருக்கிறது அரசாங்கம். இடைப்பட்ட காலத்தில் அதைக் காப்பாற்றியது ஒரு தனிமனிதனின் ஆசை. கோமாட்டியைத் திட்டியவர்கள் யாரும் அந்தக் கூரைக்கு ஓர் ஓடு வாங்கிப் போட்டவர்கள் அல்ல.

இதே மலையில் இன்னொரு மடம் இருக்கிறது. கபூசோஸ். இந்தியாவில் போர்ச்சுகீசிய வைஸ்ராயாக இருந்த ஜோவாவ் டி காஸ்ட்ரோவின் விருப்பப்படி அவர் மகன் அல்வாரோ 1560-இல் பிரான்சிஸ்கன் துறவிகளுக்குக் கட்டிக் கொடுத்தது. பெருங்கற்களுக்கு இடையில் செருகி வைத்தாற்போலச் சிறுசிறு அறைகள். மண்டியிட்டு நுழைய வேண்டிய உயரத்தில் வாசல்கள். அலங்காரம் மிகக் குறைவு. ஈரத்துக்கும் குளிருக்கும் தடுப்பாகக் கதவு, கூரை எங்கும் தக்கைப் பட்டை அடித்திருக்கிறார்கள். அந்த மலையில் கிடைக்கும் பொருளில் அதைவிடச் சரியான தேர்வு இருக்க முடியாது. அதே 1834 ஆணை இவர்களையும் வெளியே அனுப்பியது. 1873-இல் ஓர் ஆங்கிலேயச் செல்வந்தர் வாங்கினார், 1949-இல் அரசுக்கு வந்தது. அரண்மனையாக்க யாருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் அந்த வாசலுக்குள் கட்டில் போயிருக்காது.

ஒன்றை வேண்டாம் என்று விட்டார்கள், அது பிழைத்தது. இன்னொன்றை ஒருவர் உயிராக விரும்பினார், அதுவும் பிழைத்தது. அரைமனதாகக் கைமாறிய மடங்கள்தான் போர்ச்சுகலில் அதிகம் போயின. எந்த நாட்டிலும் பழைய கட்டடத்தைக் கொல்வது அந்த அரைமனதுதான்.

கூட்டத்தைக் குறை சொல்லும் கட்டுரை இது என்று நினைத்துவிட வேண்டாம். முற்றத்தில் பின்னால் வருபவர் தள்ளிக்கொண்டே வந்தது எனக்குப் பிடிக்கவில்லைதான். ஆனால் 2000-இல் தொடங்கிய பார்க்கெஸ் டி சிந்த்ரா என்ற அரசு நிறுவனம்தான் பெனா, மூர் கோட்டை, கபூசோஸ் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறது. பட்ஜெட்டிலிருந்து பணம் வாங்காமல், வரும் வருமானத்திலேயே பராமரிக்கிறது. 1999-இல் தீயில் கருகிய கோமாட்டியின் மாளிகையை மீட்டெடுத்து 2011-இல் திறந்தார்கள். பெனாவில் செல்ஃபி எடுப்பவர் கொடுக்கும் காசில்தான் கபூசோஸின் தக்கைப் பட்டையும் மாறுகிறது. எனவே கூட்டம் வரட்டும். ஒருவழிப் பாதையில் முற்றத்தை ஒரு நடைவழியாக வைத்திருப்பதை மட்டும் மாற்ற வேண்டும். அறைகளுக்குக் கொடுக்கும் நேரத்தில் பாதியை அந்த முற்றத்துக்குக் கொடுக்கலாம். உட்கார ஒரு பெஞ்சு போடலாம். முந்நூறு வருஷம் அங்கே இருந்தவர்களைப் பார்க்காமல், ஐம்பது வருஷம் கோடைக்கு வந்துபோனவர்களின் நாற்காலிகளையே பார்த்துவிட்டு இறங்குவது சரியில்லை.

நம்மவர்கள் இப்போது ஐரோப்பா நிறையப் போகிறார்கள். லிஸ்பன் போகிறவர்கள் பெனாவுக்குக் காலை முதல் நேர டிக்கெட்டை முன்பே இணையத்தில் வாங்கிவிடுங்கள். மொட்டைமாடிப் படத்தைக் கடைசியில் எடுத்துக்கொள்ளலாம், முற்றத்தில் கூட்டம் சேரும்முன் போய் நில்லுங்கள், டைலைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். வெளியே வந்ததும் சிவப்பும் மஞ்சளும் சேரும் இடத்தைத் தேடுங்கள். பிறகு ஒரு டாக்ஸி பிடித்துக் கபூசோஸுக்குப் போங்கள். அங்கே வரிசை இருக்காது. வாசல்கள் மட்டும் நிஜமாகவே தாழ்வானவை; முழங்கால் வலி உள்ளவர்கள் கைத்தடியை மறக்க வேண்டாம்.